காலையில் சொன்ன பதில்

அத்தியாயம் 9

காபி மெஷின் வாலுவை அவமானப்படுத்திக்கொண்டிருந்தது.

பொத்தானை அழுத்தினால் ‘பால் இல்லை’ என்று எழுத்து ஓடியது. மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தான். பால் தளும்பத் தளும்ப நின்றது. மூடிவிட்டு மறுபடி அழுத்தினான். ‘பால் இல்லை.’

“டீச்சர், இந்த மெஷினுக்கு என் மூஞ்சி பிடிக்கலை.”

“எனக்கும்தான் பிடிக்கலை. சகிச்சுக்கிட்டு இருக்கேன் இல்லையா? சும்மா இரு.”

அந்த அம்மாள் பள்ளிக்கூட வேலையை விட்டுத் துப்பறிய வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் டீச்சர் என்ற பெயர் அவரை விட்டுப் போகவில்லை. பரீட்சை ஹாலில் எவன் பிட் வைத்திருக்கிறான் என்பதை முதுகைப் பார்த்தே சொன்னவர் அவர். அவரிடம் அதிக தடவை மாட்டிய பெருமை வாலுவுக்கு உண்டு. படிப்பு ஏறாமல், வேறு எவனும் வேலை கொடுக்காமல், கடைசியில் அவரிடமே உதவியாளாக வந்து ஒட்டிக்கொண்டவன். வயது முப்பதைத் தாண்டியும் வாய் மட்டும் அடங்கவில்லை.

அவர்கள் நின்ற இடம் ஒரு பழக் கிடங்கின் மாடி அலுவலகம். கீழே குளிர் அறைக்குள் ஆப்பிளும் பேரிக்காயும் கூரை வரை அடுக்கியிருந்தன. மாலையில் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். பூட்டியதும் பழம் கெடாமலிருக்க உள்ளே இருக்கும் காற்றை இழுத்துவிட்டு வேறொரு வாயுவை நிரப்பும். பழத்துக்கு அது ஆயுசு. மனிதருக்கு அரை மணி நேரம்கூடத் தாங்காது.

போன வாரம் அந்தக் கதவுக்குப் பின்னால் செத்துக் கிடந்தது முதலாளியின் ஒரே மகள்.

இப்போது அறையின் ஒரு மூலையில் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தான். அலுவலகத்தில் எல்லோரும் அவனை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள், மாமனாரைத் தவிர. அவனுக்கு இரண்டு பக்கமும் போலீஸ்காரர்கள். வாசலில் சாய்ந்து நின்ற இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு டீச்சரைப் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் டீச்சரிடம் பிட்டோடு மாட்டியவர்தான். அந்தப் பயம் தொப்பி போட்ட பிறகும் போகவில்லை.

“இருட்டுறதுக்குள்ள இவரைக் கூட்டிட்டுப் போகணும், டீச்சர். கேஸ் கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதான்.”

“கிட்டத்தட்டன்னா ஃபெயில்தானேப்பா. முதலாளி, நீங்கதானே என்னை வரச் சொன்னீங்க. புரியற மாதிரி சொல்லுங்க.”

முதலாளி இந்த நிறுவனத்தைத் தன் கையால் கட்டியவர். கதவு, விளக்கு, காபி மெஷின் வரை எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டர் வேலையும் அவருடையதே. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், மகளைப் பறிகொடுத்த நிலையிலும், முதுகு நிமிர்ந்துவிடும். வாலு அதைக் கவனித்தான்.

“ஒவ்வொரு வேலையையும் நாங்க ஒரு துண்டா எழுதுவோம்மா. ஃபங்ஷன்னு பேரு.”

“ஃபங்ஷன்னா எனக்குச் சாப்பாடு போடுற இடம்தான் தெரியும்,” என்றான் வாலு.

முதலாளி அவனை ஒரு கொசுவைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். “கதவைப் பூட்டுறது ஒரு துண்டு. பால் இருக்கான்னு பார்க்கிறது ஒரு துண்டு. கிடங்குக் கூரையில ஆளோட உடம்புச் சூட்டைக் கண்டுபிடிக்கிற ஒரு கண் வெச்சிருக்கோம். உள்ளே ஆள் இருக்காங்களான்னு அந்தக் கண்ணைக் கேக்கிறது இன்னொரு துண்டு. எல்லாத் துண்டுக்கும் பொதுவா சில காரியம் தேவைப்படும். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டா, ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டாம். முன்னாடி சொன்ன பதிலை ஞாபகம் வெச்சு அதையே சொல்லிடலாம். மெஷினுக்கு வேலை மிச்சம். இதையே ஒவ்வொரு துண்டுக்குள்ளயும் எழுதினா கை ஒடிஞ்சு போயிடும். அதனால நான் ஒரே இடத்துல எழுதி வெச்சிருக்கேன். எந்தத் துண்டுக்கு வேணுமோ அதுக்கு மேல ஒரே ஒரு வரி போட்டா போதும், போர்த்திக்கும். எங்க ஆபீஸ்ல அதுக்குப் பேரே போர்வை.”

“எவ்வளவு நேரம் ஞாபகம் வெச்சிருக்கும்?”

“நாள் முழுக்க. மறுநாள் காலையிலதான் புதுசாப் போய்ப் பார்க்கும்.”

“எப்பவுமே அப்படித்தானா?”

“எப்பவுமே. அந்தப் போர்வையில எவனும் கை வைக்க முடியாதும்மா. அதைத் திறக்கிற பாஸ்வேர்டு என் தலைக்குள்ள மட்டும்தான் இருக்கு. ஒரு விஷயத்தை ரெண்டாவது தடவை எழுதறவன் மடையன்னு சொல்லிச் சொல்லி வளர்த்த ஆபீஸ் இது.”

சொல்லிவிட்டு மூலையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த வெறுப்பு வாலுவுக்கே உறைத்தது.

“கண்ணைக் கேக்கிற துண்டு அவன் எழுதினது. அதுவரைக்கும் அது மேல போர்வையே கிடையாது. என் பொண்ணு செத்த அன்னிக்குக் காலையில அந்த ஒரு வரியைப் போட்டிருக்கான். அவன் பேர்லயே பதிவாகியிருக்கு. காலையில கிடங்கைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஆள் இருக்கான்னு கேட்டிருக்கு. இல்லைன்னு கண் சொல்லியிருக்கு. உண்மை. சாயங்காலம் பூட்டுறப்போ மறுபடி கேட்டிருக்கு. போர்வை இருக்கே, கண்கிட்ட போகவே இல்லை. காலையில சொன்ன பதிலை எடுத்துச் சொல்லிடுச்சு. கதவு பூட்டிக்கிச்சு.”

“உள்ளேயிருந்து திறக்கப் பொத்தான் இருக்குமே?”

“இருக்கு. ஆனா ஈரம் இறங்கினா யாரும் தொடாமலே அழுந்தின மாதிரி காட்டும். அதனால பொத்தான் அழுந்தினா, முதல்ல அதே கேள்வியைக் கேக்கும். ஆள் இல்லைன்னு பதில் வந்தா திறக்காது. என் திரையில மட்டும் ஓரமா ஒரு வரி ஓடும், பொத்தான் அழுந்திச்சு, ஆள் இல்லைன்னு.” முதலாளி நெற்றியில் அடித்துக்கொண்டார். “அன்னிக்கு நான் கவனிக்கலை. பாவி, கவனிக்கவே இல்லை.”

அந்தப் பொத்தானை இன்ஸ்பெக்டர் பார்த்திருந்தார். மேல் பூச்சு பெயர்ந்து போயிருந்தது. அதற்குக் கீழே அவளுடைய இரண்டு நகங்கள் கிடந்தன.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “மாப்பிள்ளை எழுதினது எல்லாத்தையும் தாள்ல எடுத்துக் கொடுங்க. திரையில பார்த்தா எனக்குத் திருத்த வராது.”

கட்டாக வந்த தாள்களைச் சிவப்புப் பேனாவோடு புரட்டினார். அந்த மொழி அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. விடைத்தாளை மட்டும் தெரியும். புரட்டப் புரட்ட அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. பிட் வைத்திருந்த எத்தனையோ பையன்கள் அந்தச் சிரிப்பைப் பார்த்து வேர்த்திருக்கிறார்கள்.

“தம்பி, இங்கே வா. ஒவ்வொரு துண்டுக்கு மேலயும் இந்த நாலு வரியை அப்படியே ஒட்டி ஒட்டி வெச்சிருக்கியே, ஏன்?”

மாப்பிள்ளை எழுந்து வந்தான். பல நாள் தூங்காத கண்கள். “எனக்குப் போர்வை சரியா வராதுங்க டீச்சர். ஒட்டி வெச்சா எது எங்கே இருக்குன்னு கண்ணுக்குத் தெரியும். அவ எனக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தா. தலையில அடிச்சுக்கிட்டு விட்டுட்டா.”

“இந்த லட்சணத்தைத்தான் என் பொண்ணு கட்டிக்கிட்டா,” என்றார் முதலாளி. “இவனை நம்பித் தனியா போயிடப் பார்த்தா. அடுத்த வாரம் வேற ஊர், வேற ஆபீஸ். என்னை விட்டுட்டு!”

டீச்சர் தாளைத் தட்டினார். “வகுப்பிலேயே மக்குப் பையனோட தாள்ல ஒரே ஒரு பதில் மட்டும் முத்து முத்தா இருந்தா, அது அவன் பதில் இல்லைப்பா. இத்தனை தாள்ல இவன் போர்வையைத் தொட்டது இந்த ஒரே இடத்துலதான்.”

“அப்படித்தான் என்னையும் பிடிச்சாங்க,” என்று இன்ஸ்பெக்டர் பக்கத்திலிருந்த போலீஸ்காரரிடம் முணுமுணுத்தார்.

“கொலை பண்ணணும்னா மக்கும் கத்துக்குவான்!” முதலாளி மேஜையில் குத்தினார். “தினமும் பூட்டுறதுக்கு முன்னாடி உள்ளே போய்க் கடைசி வரிசையைப் பார்த்துட்டு வர்றது அவன் வேலை. அன்னிக்கு மட்டும் அவன் போகலை. அவ போயிருக்கா. எப்படி? கேளுங்க அவனை!”

இன்ஸ்பெக்டரின் கை இடுப்பிலிருந்த விலங்கின் பக்கம் போனது. வாலு எப்போது வெளியே போனான் என்று யாரும் கவனிக்கவில்லை. இப்போது முகத்தைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தான்.

“டீச்சர், இந்த ஆபீஸ்ல கக்கூஸுக்கும் கோளாறு. வெளியே ‘ஆள் இருக்கு’ன்னு சிவப்பா எரியுது. யாரோ பெரிய மனுஷன் உள்ளே இருக்கார்னு நானும் மரியாதையா நிக்கறேன், நிக்கறேன்... உயிர் போகுது. கடைசியில மரியாதையை விட்டுட்டுக் கதவைத் தள்ளினா, உள்ளே ஈ காக்கா இல்லை.”

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார்.

“மறுபடி சொல்லு.”

“ஈ காக்கா இல்லை.”

“அங்கே ஆள் இல்லாமலே ‘ஆள் இருக்கு’ன்னு சொல்லுது. இங்கே பால் இருந்தும் இல்லைன்னு சொல்லுது.” மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். “இந்த ரெண்டும் எப்பவும் இப்படித்தானா தம்பி?”

“இல்லைங்க. எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அன்னிக்குத்தான் ஆரம்பிச்சுச்சு. அதனாலதான்...” அவனுக்கு மூச்சு வாங்கியது. “அதனாலதான் நான் பிழைச்சேன், டீச்சர்.”

“நிதானமாச் சொல்லு.”

“தினமும் ஒரு காபி குடிச்சுட்டுத்தான் கிடங்குக்குப் போவேன். அன்னிக்கு மெஷின் பால் இல்லைன்னே சொல்லிக்கிட்டிருந்துச்சு. எனக்குக் கோபம். தெருமுனைக் கடைக்குப் போனேன். அங்கே கூட்டம். அவ என் நாற்காலியைப் பார்த்திருக்கா. என் குளிர் கோட்டு அதுல மாட்டியிருந்துச்சு. கோட்டை மறந்துட்டு உள்ளே போயிட்டேன்னு நினைச்சிருக்கா. எடுத்துக்கிட்டு என்னைத் தேடிப் போயிருக்கா. கண்டெடுக்கிறப்போ அதை மார்போட கட்டிப் பிடிச்சிருந்தா.”

வாலு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“யார் கண்டெடுத்தது?” என்று கேட்டார் டீச்சர்.

“மாமாதான். நான் காபிக் கப்போட இந்த வாசல்ல வந்து நின்னேன். மாமா திரைக்கு முன்னாடி உட்கார்ந்திருந்தார். திரும்பி என்னைப் பார்த்ததும் ‘நீயா?’ன்னார். எழுந்து கிடங்குக்கு ஓடினார். எனக்கு என்ன ஏதுன்னே புரியலை. நானும் பின்னாலயே ஓடினேன்.”

டீச்சர் முதலாளி பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“நாள் முழுக்க ஞாபகம் வெச்சிருக்கும், எப்பவுமே அப்படித்தான்னு சொன்னீங்க. எப்பவுமே அப்படின்னா இந்தக் காபி மெஷின் பிறந்த நாள்லேருந்து பொய் சொல்லியிருக்கணும். காலையில பால் ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்க்கும், இல்லைன்னு சொல்லும், அப்புறம் நாள் பூரா அதே பல்லவி. கக்கூஸும் அப்படித்தான். ஆனா அன்னிக்கு வரைக்கும் ரெண்டும் உண்மை பேசியிருக்கு. அப்போ அதுக்கு முன்னாடி போர்வைக்கு ஞாபகம் கொஞ்ச நேரம்தான் இருந்திருக்கு. ஒரு நிமிஷமா?”

முதலாளியின் கண் காபி மெஷின் பக்கம் போய்த் திரும்பியது.

“கண்ணு மேல ஒரு வரி போட்டா மட்டும் ஆள் சாக மாட்டான். ஒரு நிமிஷத்துல போர்வை மறந்துட்டுப் புதுசாப் பார்த்துடும். காலையில சொன்ன பதில் சாயங்காலம் வரைக்கும் நிக்கணும்னா, போர்வைக்குள்ள கை வெச்சு அதை நாள் முழுக்கன்னு மாத்தணும். போர்வை ஒண்ணுதான். அங்கே மாத்தினா அதைப் போர்த்தின எல்லாமே மாறும். காபி மெஷின், கக்கூஸ், எல்லாம். அதைத் திறக்கிற பாஸ்வேர்டு யார் தலையில இருக்குன்னு நீங்களே மார்தட்டினீங்க.”

“அவன் திருடியிருப்பான்!” முதலாளி துள்ளி எழுந்தார். “ராஸ்கல், என் பாஸ்வேர்டைத் திருடியிருப்பான்! இன்ஸ்பெக்டர், என்ன பார்த்துக்கிட்டு நிக்கறீங்க?”

“இருக்கலாம்,” என்றார் டீச்சர், மிகவும் சாந்தமாக. “அதை விட்டுடலாம். வேற ஒண்ணு கேக்கறேன். மாப்பிள்ளை காபியோட வந்து நிக்கறப்போ உங்க பொண்ணைக் காணோம்னு யாரும் சொல்லலை. கிடங்குல ஆள் மாட்டியிருக்குன்னு யாரும் சொல்லலை. திரையைக் கவனிக்கவே இல்லைன்னு நீங்களே சொன்னீங்க. இவன் உயிரோட நிக்கறதைப் பார்த்ததும் நேரா கிடங்குக்கு ஏன் ஓடினீங்க?”

முதலாளி மேஜையில் கிடந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தார்.

“நான் சொல்றேன். பொத்தான் அழுந்தினது உங்க திரையில ஓடிக்கிட்டே இருந்துச்சு. உள்ளே கிடந்து துடிக்கிறது உங்க மாப்பிள்ளைன்னு நினைச்சு நீங்க சுகமா பார்த்துக்கிட்டு இருந்தீங்க. அவன் பேர்லயே உள்ளே நுழைஞ்சு அந்த வரியைப் போட்டாச்சு. தன் வரியாலயே செத்தான்னு ஊர் சொல்லும். பொண்ணு நாலு நாள் அழுவா, அப்புறம் உங்க கூடவே இருந்துடுவா. எல்லாம் கச்சிதம். அப்போ செத்துக்கிட்டிருக்க வேண்டியவன் கையில காபியோட வந்து நிக்கறான். இவன் இங்கேன்னா, அங்கே பொத்தானை அழுத்தறது யாரு?”

முதலாளி நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் வாசலிலிருந்து மேஜைக்கு வந்து நின்றார். போலீஸ்காரர்களும் பேசாமல் இடம் மாறிக்கொண்டார்கள். இத்தனைக்குப் பிறகும் டீச்சர் விடவில்லை. விட்டிருக்கலாம் என்று வாலுவுக்குத் தோன்றியது. ஆனால் அந்த அம்மாளுக்கு இரக்கம் எப்போதுமே தாமதமாகத்தான் வரும்.

“இன்னொண்ணும் தெரிஞ்சுக்கங்க. கண்ணுக்குன்னு தனியா ஒரு போர்வை எழுதியிருந்தீங்கன்னா காபி மெஷின் அன்னிக்கும் ஒழுங்காப் பால் ஊத்தியிருக்கும். இவன் குடிச்சுட்டு, கோட்டைப் போட்டுக்கிட்டு, நேரா உங்க வலையில போய் விழுந்திருப்பான். உங்க பொண்ணு இப்போ அந்த நாற்காலியில உட்கார்ந்திருப்பா. ரெண்டாவது தடவை எழுதறவன் மடையன்னு சொல்லிச் சொல்லி, இன்னொரு போர்வை எழுத உங்களுக்கு மனசு வரலை. அவளைக் கொன்னது அதுதான்.”

முதலாளியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை அழுகை என்று சொல்ல முடியாது.

விலங்கு மாட்டும்போது அவர் கையை நீட்டிக் கொடுத்தார். வாசலுக்கு நடத்திப் போனார்கள். அதுவரை அசையாமல் நின்ற மாப்பிள்ளை குறுக்கே வந்து நின்றான். அடிக்கப்போகிறான் என்று நினைத்து வாலு அவன் தோளைப் பிடித்தான். அவன் அடிக்க வரவில்லை. பழக்கம் விடாமல், மரியாதையாகவே கேட்டான்.

“மாமா, அவ எத்தனை தடவை அழுத்தினா?”

“வேண்டாம்ப்பா, விடு,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“தெரிஞ்சுக்கணும். இவருக்குத்தானே திரையில ஓடிச்சு. சொல்லுங்க மாமா. எண்ணினீங்களா?”

முதலாளி நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து ‘அவன்’ என்று மட்டுமே சொல்லிவந்தவர், முதல் தடவையாக அவனை உறவு சொல்லிக் கூப்பிட்டார்.

“எண்ணினேன், மாப்பிள்ளை,” என்றார். “நீதான்னு நினைச்சு, ஒண்ணு விடாம எண்ணினேன்.”

மாப்பிள்ளை வழியை விட்டு விலகி நின்றான். அவர்கள் படி இறங்கிப் போனார்கள்.